8,400 கிலோமீட்டர் வண்டியை விட்டுவிட்டு 26,000 கிலோமீட்டர் வண்டியை வாங்கியது: ஒரு பழைய டுகாட்டியின் நிகழ்வு ஆய்வு

2023 கடைசியில் தொடங்கி 2025 வரை திருப்பூர், கோவை, கரூர் மூன்று ஊர்களுக்குள் நடந்த விஷயம் இது. யார் பெயரும் போடவில்லை, வண்டியின் பெயர் மட்டும்தான். வாங்கியவர் வண்டி பார்த்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டதால் நான் கூடப் போனேன், கணக்குகளும் பில்களும் அவர் காட்டியவை. செகண்ட் ஹேண்டில் டுகாட்டி மாதிரி இத்தாலி பைக் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஆகும் என்று அவரும் எழுதச் சொன்னார்.

பின்னணி

வாங்கியவர் திருப்பூர்க்காரர், நாற்பதை நெருங்குகிற வயது, அவிநாசி பக்கம் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். 2007-ல் கேசி ஸ்டோனர் டுகாட்டிக்கு முதல் மோட்டோஜிபி (உலக பைக் ரேஸ்) பட்டத்தை வாங்கிக் கொடுத்த காலத்திலிருந்து ரேஸ் பார்க்கிறவர். வாலண்டினோ ராசி 2011, 2012 இரண்டு சீசனும் அதே டுகாட்டியில் ஒரு ரேஸ்கூட ஜெயிக்காமல் திணறியபோது கூடப் பார்த்தவர்கள் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள், இவர் விடவில்லை. 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்டில் மோட்டோஜிபி நடந்தபோது ரயில் ஏறிப் போய்ப் பார்த்தார். மார்கோ பெசெக்கி ஜெயித்தார், டுகாட்டி கம்பெனி டீமின் பன்யாயா இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே விழுந்தார். அடுத்த வருடமும் இங்கே நடக்கும் என்றார்கள், நடக்கவில்லை, அது வேறு கதை.

ஊருக்கு வந்ததும் சொந்தமாக ஒரு டுகாட்டி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். கண் போனது 848 இவோ மேல். டிராய் பேலிஸ் 2008-ல் சூப்பர்பைக் உலகப் பட்டம் வாங்கிய 1098-இன் தம்பி வண்டி அது: அதே டிரெல்லிஸ் ஃபிரேம் (குழாய்களைப் பின்னிய சட்டம்), அதே ஒற்றைக்கை ஸ்விங்ஆர்ம், 849 சிசி, 140 குதிரைத்திறன், பெட்ரோல் ஆயில் எல்லாம் சேர்க்காமல் எடை 168 கிலோ. 2011 மாடல் முதல் 2013 வரை வந்தது, அப்புறம் 899 பனிகாலே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆக, நம் ஊரில் கிடைக்கிற 848 இவோ எதுவானாலும் பத்து வயதைத் தாண்டியிருக்கும்.

மொத்த பட்ஜெட் 7 லட்சம், பேர் மாற்றுவது முதல் சர்வீஸ் வரை எல்லாம் அதற்குள். வீட்டில் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. அப்பா மட்டும், "இந்தக் காசுக்குக் காட்டுல இன்னொரு போர் ஓட்டியிருக்கலாமே கண்ணு" என்றார், அதோடு சரி.

ரேஸ் பார்த்துப் பார்த்து வண்டி வாங்க வருகிறவர்களிடம் நான் கவனித்த ஒன்று உண்டு. எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் போகும், முன் ஃபோர்க் என்ன கம்பெனி, அந்த வருடம் யார் ஓட்டினார்கள், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றாது. ரேஸ் டீமில் எஞ்சினைப் பிரித்துப் பூட்ட ஆட்கள் தனியாக இருக்கிறார்கள், அது டிவியில் வருவதில்லை.

முதல் வண்டி, கோவை

கோவையில் ஒரு கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்கும் கடை) சிவப்பு 848 இவோ நின்றது. 2012 மாடல், கர்நாடகா பதிவு, மூன்றாவது ஓனர், மீட்டரில் 8,400 கிலோமீட்டர், கேட்டது 6.5 லட்சம். பளபளவென்று இருந்தது. திருப்பூர்க்காரர் பார்த்த அன்றே 25,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், எனக்குப் போன் வந்தது அதற்கப்புறம்தான்.

நாங்கள் போனபோது எஞ்சின் கவரில் கை வைத்தால் சூடாக இருந்தது. வண்டி ஷெட்டுக்குள்தான் நிற்கிறது, யாரும் ஓட்டிப் பார்க்க வரவுமில்லை, அப்புறம் எதற்குச் சூடு? சூடான எஞ்சின் பட்டென்று ஸ்டார்ட் ஆகும், பேட்டரி, ஸ்டார்ட்டர் கிளட்ச், ஐடிலிங் எதிலும் என்ன குறை என்று தெரியாது. நாளைக் காலையில் வருகிறோம், அதுவரை சாவி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். கன்சல்டிங்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் பிடித்தது. பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தோம். ஐடிலிங்கில் 12.6 வோல்ட், 4,000 ஆர்பிஎம்மில் 13-ஐத் தாண்டவில்லை. 14-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்கும் சுருள்), ரெகுலேட்டர் (அதை அளவாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது), இல்லை நடுவில் இருக்கிற வயரிங், மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கிறது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் 2216, அதாவது 2016-இன் 22-வது வாரம். பட்டன் தேயவே இல்லை, ரப்பர் மட்டும் கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. சாவி ஒன்றுதான். இந்த மாடலுக்கு இரண்டு சாவியும் ஒரு கோடு கார்டும் வரும், இம்மொபிலைசர் (சரியான சாவி என்று தெரிந்தால்தான் எஞ்சினை ஓடவிடும் பூட்டு) தகராறு செய்தால் அந்த எண்ணை அடித்துத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டியிருக்கும். கார்டு எங்கேங்க என்று கேட்டதற்கு, "அதெல்லாம் முன்னாடி ஓனரு வெச்சிருப்பாருங்க" என்றார் கன்சல்டிங்காரர், அந்த முன் ஓனரின் நம்பர் மட்டும் அவரிடம் இல்லை.

சேசிஸ் எண் ஒத்துப்போனது. இசட்-டி-எம் என்று தொடங்குவது இத்தாலி பொலோன்யாவில் பூட்டியது என்பதற்கு அடையாளம், பத்தாவது எழுத்து சி என்றால் 2012 மாடல். ஆர்சியும் அதையே சொன்னது. இந்த ஒரு விஷயத்தில் வண்டி சுத்தம். திருட்டுத்தனமாக இறக்கிய வெளிநாட்டு வண்டிகள் ஒரு காலத்தில் நிறையச் சுற்றின, அதனால் இதைப் பார்க்காமல் பேச்சே எடுக்கக்கூடாது.

அடுத்தது பெல்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாதாரண எஞ்சினில் கேம் (மேடு வைத்த சுழல் தண்டு) வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். டுகாட்டியில் திறப்பதற்கு ஒரு ராக்கர் (சின்ன நெம்புகோல்), மூடுவதற்கு ஒரு ராக்கர், இரண்டையும் கேம்தான் தள்ளுகிறது. இதற்குப் பெயர் டெஸ்மோ. ஃபேபியோ தாலியோனி என்கிற எஞ்சினியர் 1956-ல் 125 சிசி ரேஸ் வண்டியில் இதை டுகாட்டிக்குக் கொண்டுவந்தார். அதிக ஆர்பிஎம்மில் ஸ்பிரிங்கால் வால்வைத் துரத்திப் பிடிக்க முடியாது என்பது அந்தக் காலத்துப் பிரச்சினை. அதனால் 848-இல் எட்டு வால்வுக்குப் பதினாறு இடைவெளி பார்க்க வேண்டும், திறப்புக்கு எட்டு, மூடலுக்கு எட்டு. 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்த வேலை வரும். இது கிலோமீட்டர் கணக்கு. ஆனால் அந்தக் கேமைச் சுற்றுவது இரண்டு ரப்பர் பெல்ட், அதற்குக் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் உண்டு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பெல்ட் அறுந்தாலோ ஒரு பல் தாண்டினாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் போச்சு.

கன்சல்டிங்காரர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "எட்டாயிரந்தானுங்க ஓடியிருக்குது, பெரிய சர்வீஸ் இன்னும் வரவே இல்ல, பொட்டி பிரிக்காத மாதிரி இருக்குதுங்க." கணக்கு சரிதான், 12,000 வரவில்லை. அதனாலேயே அந்த எஞ்சினை யாரும் திறக்கவில்லை. ஃபேரிங் கழற்றினால் கிளிப் உடையும் என்று முதலில் மறுத்தார், உடைந்தால் நாங்களே வாங்கித் தருகிறோம் என்றதும் அரை மனதாகச் சம்மதித்தார். படுத்திருக்கும் சிலிண்டரின் பெல்ட் கவரை எடுத்துவிட்டு டார்ச் அடித்தோம். பல்லின் அடியில் மயிரிழை மாதிரி வெடிப்பு, ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுத்தது, நகத்தை அழுத்தினால் தடம் விழவில்லை. மாற்றியதற்குப் பில் இல்லை. கம்பெனியில் போட்டு அனுப்பிய பெல்ட்டாகத்தான் இருக்க வேண்டும், அப்படியானால் அதற்கு வயது பன்னிரண்டு.

டேங்க்கைத் தூக்கிப் பார்க்கப் போய் இன்னொன்று தெரிந்தது. பின்பக்க போல்ட் துளை நேராக வரவில்லை, டேங்க் ஒருபக்கம் ஃபிரேமை உரசி பெயிண்டைத் தேய்த்திருந்தது. இந்த மாடலுக்கு பிளாஸ்டிக் டேங்க். நைலான் வகை பிளாஸ்டிக் எத்தனால் கலந்த பெட்ரோலோடு வருடக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு இது கூடுமே தவிரக் குறையாது.

எடுத்த முடிவு

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பெல்ட், வால்வு, டயர், பேட்டரி, சார்ஜிங், டேங்க்கைக் காய வைப்பது அல்லது மாற்றுவது, சாவி. இத்தோடு கர்நாடகா வண்டி என்பதால் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். 2023 நவம்பரில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரியை 12 சதவீதம் ஆக்கினார்கள். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் சும்மா வராது. போதாததற்கு ஆன்லைனில் தட்டிப் பார்த்தால் இரண்டாவது ஓனர் எடுத்த பேங்க் கடன் இன்னும் ஆர்சியில் ஏறியே நின்றது. கடன் அடைத்தாயிற்றாம், படிவம் 35 கொடுத்து நீக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

எல்லாம் சேர்ந்து 2 லட்சத்தைத் தொட்டது. 4.75-க்குக் கொடுத்தால் எடுக்கிறோம் என்று கேட்டோம். 6.25-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றார், கேரளாவிலிருந்து வேறு பார்ட்டி வருகிறது என்றும் சொன்னார். திருப்பூர்க்காரருக்கு அந்த இடத்தில் மனசு அலைபாய்ந்தது, வெளியே வந்து, "என்னங்ண்ணா, ஒரு ரெண்டு லட்சம் கூடப் போனா போகட்டுமா?" என்றே கேட்டுவிட்டார். போட்டாலும் அது இரண்டு லட்சத்தில் நிற்கும் என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை என்பதுதான் என் பதில். வால்வு கவரைத் திறந்து உள்ளே பார்த்தால்தான் மிச்சக் கணக்கு தெரியும்.

கோவையில் ஒரு தைரியம் எப்போதும் உண்டு, எதுவானாலும் லேத்தில் கடைந்துவிடலாம் என்று. பம்ப் கடைந்த ஊர், ரேஸ் கார் கட்டிய ஊர், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர், தைரியத்துக்குக் காரணம் இருக்கிறது. ஃபுட்பெக், ஸ்பேசர், பிராக்கெட், ஏன் டெஸ்மோவுக்கான ஷிம்மைக்கூட (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் துண்டு) தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கைகள் இங்கே உண்டு. பெல்ட்டையும் பிளாஸ்டிக் டேங்க்கையும் எந்த லேத்திலும் கடைய முடியாது. இந்த வண்டியில் போயிருந்தது அந்த இரண்டும்தான்.

விட்டுவிட்டோம். அட்வான்ஸில் 15,000 திரும்பி வந்தது, 10,000 வரவில்லை. ரசீதில் ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தார்கள், அதற்கு மேல் சண்டை போடவில்லை. வண்டி அடுத்த மாதமே விற்றுப்போனது.

இரண்டாவது வண்டி, கரூர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோத்தகிரி ஏறி இறங்குகிற கூட்டத்தில் ஒருவர் மூலம் கரூரில் ஒரு 848 இவோ இருப்பது தெரிந்தது. விற்கிறவர் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர், இரண்டாவது ஓனர். 2012 ஜூலையில் கரூரிலேயே பதிவான வண்டி, 26,000 கிலோமீட்டர். இடது ஃபேரிங்கில் நீளமாகக் கீறல், கிளட்ச் லீவர் நுனி உடைந்திருந்தது. கேட்டது 5.75.

திருப்பூர்க்காரருக்குப் பார்த்தவுடன் பிடிக்கவில்லை. கோவை வண்டியின் பளபளப்பு கண்ணில் நிற்கிறது, அதைவிட மூன்று மடங்கு ஓடிய வண்டி, கீறல் வேறு. திரும்பிப் போய்விடலாம் என்கிற மாதிரிதான் நின்றார். அப்போது கரூர்க்காரர் உள்ளே போய் ஒரு பைல் கொண்டுவந்து வைத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதா கிளிப் பைல். பெங்களூரு சர்வீஸ் சென்டர் பில்கள் தேதி வரிசையில் இருந்தன. 12,000-இல் வால்வு, 24,000-இல் வால்வு, பெல்ட் மூன்று தடவை மாற்றியது, கடைசியாக மாற்றிப் பதினான்கு மாதம். வால்வு இடைவெளி அளந்த தாளையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார், பதினாறு அளவும் பேனாவில் எழுதி, மாற்றியதை மட்டும் வட்டம் போட்டிருந்தது. இரண்டு சாவி, கோடு கார்டு, பழைய பெல்ட் ஜோடிகூடப் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. கீறல் எப்படி வந்தது என்று நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார்: "ரிவர்ஸ் எடுக்கையில பட்டறை வாசல்லயே சாச்சுட்டனுங்க, ஓட்டி விழுகல." ஹேண்டில் முழுக்கத் திரும்பினால் இடிக்கும் ஸ்டாப்பரிலும் ஃபோர்க்கிலும் அடி இல்லை, அவர் சொன்னது பொருந்தியது.

காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் போனோம், இரண்டு சுற்றில் பிடித்தது. சார்ஜிங் 13.9. டேங்க் இதிலும் லேசாக உப்பியிருந்தது, ஆனால் போல்ட் கையாலேயே ஏறியது. வண்டியை நிறுத்திவைக்கும் மாதங்களில் பெட்ரோலை முழுசாக வடித்துவிடுவாராம்.

ஓட்டிப் பார்த்து வந்த பிறகும் திருப்பூர்க்காரர் பேசவில்லை, அந்தப் பைலைத்தான் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். 5.5-க்கு முடிந்தது. 2024 மார்ச்சில் படிவம் 29, 30 கையெழுத்தாகி, தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் மறுபடி ஆயுள் வரி இல்லாமல், பேர் மாறியது. இன்சூரன்ஸில் ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கானது) போட யாரும் முன்வரவில்லை, இவ்வளவு பழைய இறக்குமதி வண்டிக்கு அப்படித்தான். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 350 சிசிக்கு மேல் 2,804 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

அதற்குப் பின் நடந்தவை

முதல் இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை, திருப்பூர் டிராஃபிக்கைத் தவிர. பின் சிலிண்டரின் சூடு நேராகத் தொடையில் அடிக்கும், சித்திரை வெயிலில் புஷ்பா தியேட்டர் ஸ்டாப் தாண்டுவதற்குள் ஃபேன் ஓடத் தொடங்கிவிடும். அதனால் விடியற்காலை வண்டியாகவே அது மாறிப்போனது.

மே மாதம் சத்தியமங்கலம் போகிற வழியில், புளியம்பட்டி தாண்டியதும் மீட்டர் லைட் மங்கி, வண்டி இருமி, நின்றது. பேட்டரி 11 வோல்ட். ஒரு சின்ன யானை பிடித்து, கயிறு கட்டி, கோவைக்கு ஏற்றி வந்தார்கள். ரெகுலேட்டர் போயிருந்தது. ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்கள் சேரும் பிளக்கைப் பிரித்தால் உள்ளே பழுப்பேறி, ஒரு முனை உருகி ஒட்டியிருந்தது. மின்தடை கூடிச் சூடாகிச் சூடாகி, கடைசியில் ரெகுலேட்டரையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. இந்தக் காலத்து டுகாட்டிகளில் கேள்விப்படாத சமாசாரம் இல்லை. மோஸ்ஃபெட் வகை ரெகுலேட்டர் போட்டு, பிளக்கை வெட்டி எறிந்து வயரை நேரடியாகப் பற்றவைத்து, ரெகுலேட்டரைக் காற்று படுகிற மாதிரி தள்ளி வைத்தார்கள். எல்லாம் சேர்த்து 19,000. வேலை செய்தவர் செட்டிபாளையத்தில் ரேஸ் வண்டிகள் பார்க்கிற மெக்கானிக். பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஏற்றிக்கொண்டு போகத் தேவைப்படவில்லை.

2025 ஆரம்பத்தில், இரண்டு வருடக் கணக்கில் பெல்ட் மாற்றியாயிற்று, அதே மெக்கானிக்கிடம். பெல்ட்டை முன்கூட்டியே ஆர்டர் போட்டு வீட்டில் வைத்திருந்தார், வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு பார்ட்ஸுக்குக் காத்திருக்கிற பிழைப்பு வேண்டாம் என்று. வண்டி விலை, கீறல் பெயிண்ட், டயர், ரெகுலேட்டர், பெல்ட், கோவையில் விட்ட 10,000 எல்லாம் கூட்டினால் 6.8 லட்சம். 7-க்குள் நின்றது.

ரேஸ் பார்ப்பதும் நிற்கவில்லை. 2024 பட்டத்தை டுகாட்டியிலேயே, ஆனால் பிராமாக் டீமில் இருந்த ஹோர்கே மார்ட்டின் எடுத்தபோதும், 2025-ல் மார்க் மார்க்கேஸ் டுகாட்டி கம்பெனி டீமின் சிவப்பு டிரெஸ்ஸில் ஜெயித்தபோதும் யூனிட்டில் எல்லோருக்கும் டீ, வடை. டிவியில் பிட்டுக்குள் ஃபேரிங் கழற்றுவதைக் காட்டினால் மட்டும் இப்போது பக்கத்தில் போய் நின்று பார்க்கிறார்.

இன்னொரு முறை என்றால் மாற்றுவது

அட்வான்ஸ் கடைசியில்தான். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்து, பெல்ட் கவர் திறந்து, ஆன்லைனில் கடன் நிலுவை, சலான் பார்த்த பிறகு. வேறு பார்ட்டி வந்து எடுத்துக்கொண்டு போனால் போகட்டும்.

சார்ஜிங்கை மீட்டரில் பார்ப்பது போதாது, அந்த மஞ்சள் வயர் பிளக்கைக் கழற்றியும் பார்க்க வேண்டும். கரூர் வண்டியில் 13.9 காட்டியது, பிளக் அப்போதே பழுப்பாக இருந்திருக்கும்.

மாடலையும் யோசிக்கலாம். கையில் இன்னும் இரண்டு, மூன்று லட்சம் இருந்தால் நான் 899 பனிகாலேவைத்தான் பார்க்கச் சொல்வேன். அதன் எஞ்சினில் கேமுக்குப் பெல்ட் இல்லை, செயின். வால்வு பார்ப்பது 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, டேங்க்கும் உலோகம். திருப்பூர்க்காரர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அந்த வண்டியை பேலிஸ் ஓட்டவில்லை என்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆர்சியின் வயதை முதலிலேயே விலையில் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். 2012 ஜூலை வண்டிக்கு 2027 ஜூலையில் பதினைந்து வருடம் முடிகிறது. அப்போது ஆர்சியைப் புதுப்பிக்க சாதா பைக்குக்கு 1,000 ரூபாய் என்றால் இறக்குமதி இருசக்கர வண்டிக்கு 10,000, 2022 ஏப்ரலிலிருந்து அப்படித்தான், பசுமை வரி தனியாக. ஆய்வுக்கு வண்டியை ஆர்டிஓ ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், சைலன்சர் ஒரிஜினலாக இருக்க வேண்டும். கரூர்க்காரரின் பட்டறைப் பரணில் ஒரிஜினல் சைலன்சர் கிடக்கிறதாம். அதை வாங்கி வர அடுத்த வாரம் போகிறோம்.